'நரம்பு' என்று நாம் சொல்வது எதை? – நீவி விடுவோரும் சுளுக்கு எடுப்போரும் அறிய வேண்டிய உடற்பாடம்



நமது தோட்டங்களில் எந்த டிவிசனுக்குப் போனாலும் நீவி விடத் தெரிந்த ஒருவர் இருப்பார். மலையில் வழுக்கிக் காலைப் பிரட்டிக் கொண்டால், கவ்வாத்து வெட்டி இடுப்புப் பிடித்துக் கொண்டால், கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்திக் கழுத்துத் திரும்பாமற் போனால், "பாட்டிக்கிட்ட போயி எண்ணெய் போட்டு உருவிக்க, சரியாயிரும்" என்றுதான் முதலில் சொல்லுவோம். பிள்ளை பெற்ற தாயைக் குளிப்பாட்டுவதும், பச்சைக் குழந்தையின் கை காலை நீவி விடுவதும் இவர்களேதான். பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. ஒரு வெற்றிலை, ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான்.

இவர்களின் கை பெரிய கை. பதமாக நீவி விட்டால் இறுகிய சதை இளகும், வலி குறையும், மனசுக்கும் ஆறுதலாயிருக்கும். இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைக்குக் கீழே, தோலுக்கு உள்ளே, என்ன இருக்கிறது என்று தெரிந்து நீவுவது ஒன்று. தெரியாமல் நீவுவது வேறொன்று. தெரியாமல் நீவியதால் கை சூம்பிப்போன பிள்ளைகள் உண்டு. நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து முதுகை நீவிக்கொண்டிருந்ததால் உயிர் போனவர்களும் உண்டு. ஆகவேதான் இந்த இதழில் இந்தப் பாடம்.

நான் டொக்டர் இல்லை. நலன்புரி வேலையில் இருப்பவன். இங்கே எழுதியிருப்பது வைத்தியம் செய்ய அல்ல. எப்போது கை வைக்கலாம், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இது புதிய பேச்சா?

"எங்க அப்பாயி எந்தப் புத்தகத்தைப் படிச்சாங்க?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உடம்பைத் திறந்து பார்த்துப் படிக்க வேண்டும் என்பதை வெள்ளைக்காரன் வந்து சொல்லவில்லை. பழைய ஆயுள்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையிலேயே, இறந்தவர் உடலை ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்துப் படிக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. அடிபட்டால் ஆபத்தான 107 மர்ம இடங்களையும் அந்நூல் சொல்கிறது. நம் தமிழ்ச் சித்த மருத்துவத்தின் வர்மக் கலை 108 வர்மங்களைக் கணக்கிடுகிறது. வர்மம் கற்ற ஆசான்கள் முதலில் சொல்லிக் கொடுத்தது எங்கே அழுத்தலாம் என்பதை மட்டுமல்ல. எங்கே தொடவே கூடாது என்பதையும்தான்.

நமது நாட்டிலும் ஒரு சங்கதி உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார்கள். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய நூல் வெளிவந்தது. அங்காதிபாதம் என்றால் உடலின் உறுப்புகள் எங்கே எப்படி அமைந்திருக்கின்றன என்ற படிப்பு. அவை எப்படி வேலை செய்கின்றன என்ற படிப்பைச் 'சுகரணம்' என்றார்கள். இன்று பள்ளிக்கூடத்தில் உடலமைப்பியல், உடற்றொழிலியல் என்று சொல்கிறோம். ஆகவே நம்முடைய பாஷையில் சுமார் 150 வருடங்களுக்கு முன்பே வந்துவிட்ட படிப்பு இது.

மூன்று வேறு பொருள், ஒரே பெயர்

நம் பேச்சில் எல்லாமே 'நரம்பு'தான். "கையில நரம்பு புடைச்சிருக்கு" என்கிறோம். "குதிகால் நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம். "நரம்புத் தளர்ச்சி" என்கிறோம். உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறு பொருள்கள். இந்தப் பாடத்தில் இதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

முதலாவது, புறங்கையில் பச்சையாகத் தெரிவது. இது நாளம். இதற்குள்ளே இரத்தம் இதயத்தை நோக்கித் திரும்பிப் போகிறது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு வருவது நாடி. டொக்டர் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கும் துடிப்பு அதுதான்.

இரண்டாவது, குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி கையில் தட்டுப்படுவது. இது தசைநாண். சதையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு. எலும்பை எலும்போடு கட்டி வைத்திருப்பதற்கு இணையம் என்று பெயர். கணுக்கால் பிரண்டால் அறுவதும் கிழிவதும் பெரும்பாலும் இந்த இணையம்தான்.

மூன்றாவதுதான் உண்மையான நரம்பு. மூளையிலிருந்தும் முள்ளந்தண்டிலிருந்தும் புறப்பட்டு, தொடு உணர்ச்சியையும் அசைவுக் கட்டளையையும் கொண்டு போகும் கம்பி. தந்திக் கம்பி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வெளியே தெரியாது. முழங்கையின் உட்புறத்தை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்டு அடித்த மாதிரி இருக்கிறதல்லவா? அங்கே ஒரு நரம்பு எலும்புக்கும் தோலுக்கும் இடையே மெத்தை எதுவுமில்லாமல் ஓடுகிறது.

இந்த மூன்றும் கைக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லும். கிழிந்த இணையத்துக்கு ஓய்வு தேவை. நாளத்தில் கட்டி அடைத்திருந்தால் தொடவே கூடாது. நரம்பை அழுத்தினால் மரத்துப் போகும், தொடர்ந்து அழுத்தினால் செயலிழக்கும். எல்லாவற்றையும் 'நரம்பு பிசகிடுச்சு' என்று ஒரே மாதிரி உருவினால், மருந்தாக வேண்டிய கையே கெடுதலாகிவிடும்.

சுளுக்கா, முறிவா?

வளர்ந்த மனிதன் உடம்பில் 206 எலும்புகள் இருக்கின்றன. ஈரமான மலையில் வழுக்கி விழும்போது அதிகம் அடிபடுவது கணுக்காலும் மணிக்கட்டும்தான். முறிந்த எலும்பை உருவினால் அதன் கூரிய முனை பக்கத்திலுள்ள நாடியையும் நரம்பையும் கிழித்துவிடும். ஆகவே நீவுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

கணுக்காலில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு பக்க எலும்பையும், அவற்றின் பின் விளிம்பையும் ஒரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சதையில் வலிக்காமல் எலும்பின்மேல் வலித்தால் முறிவாக இருக்கலாம். காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலும் அப்படித்தான். எக்ஸ்ரே எடுக்காமல் தொடக்கூடாது.

கையை ஊன்றி விழுந்தவருக்குப் பெருவிரலை விறைப்பாக நீட்டச் சொல்லுங்கள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டோரம், ஒரு சிறு பள்ளம் தெரியும். அதற்குள் அழுத்தும்போது வலித்தால், அங்குள்ள சின்ன எலும்பு உடைந்திருக்கலாம். இந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். 'சுளுக்குத்தான்' என்று விட்டால் பொருந்தாமலே இருந்து, பிற்காலத்தில் மணிக்கட்டு தேய்ந்துவிடும். கொழுந்து பறிக்கும் கைக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன?

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மரத்திலிருந்தோ படியிலிருந்தோ விழுந்து முழங்கை வீங்கினால், முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருக்கக்கூடும். கைக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய நாடி அந்த எலும்புக்கு முன்னாலேயே போகிறது. அந்த நிலையில் உருவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், உள்ளே வீக்கம் பெருகப் பெருக இரத்த ஓட்டம் நின்றுவிடும். இரத்தம் போகாத சதை ஆறு மணித்தியாலத்துக்குள்ளேயே சாக ஆரம்பிக்கும். செத்த சதை சுருங்கி, விரல்கள் கழுகின் நகம் போல் மடங்கி நின்றுவிடும். ஜெர்மனி நாட்டு வைத்தியர் வொல்க்மன் 1881இலேயே இதற்கு இரத்தம் தடைப்படுவதே காரணம் என்று விளக்கினார். இறுக்கமான கட்டினால் இன்றும் இது நடக்கிறது.

யார் கட்டுப் போட்டாலும் சரி, ஆஸ்பத்திரியிலேயே போட்டாலும் சரி, விரல் நுனியைப் பாருங்கள். நிறம் வெளுத்தோ நீலமாகவோ போகிறதா? குளிர்ந்திருக்கிறதா? மரத்துப்போகிறதா? விரலை நீட்டி விட்டால் பிள்ளை வீறிட்டு அழுகிறதா? வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா? அப்படியானால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கைக்கட்டைத் தளர்த்தி, இரவோடு இரவாகக் கொண்டு போங்கள்.

வீக்கம் ஏன் வருகிறது?

அடிபட்ட இடத்துக்கு உடம்பு அதிக இரத்தத்தையும் நீரையும் அனுப்புகிறது. பழுதான இடத்தைத் துப்புரவு செய்து, திருத்த வேலை தொடங்குவதற்குத்தான். அதனால்தான் வீக்கம், சூடு, சிவப்பு, வலி. முதல் இரண்டு மூன்று நாளில் சூடான ஒத்தடமும் அழுத்தமான உருவலும் உள்ளே கசியும் இரத்தத்தை அதிகமாக்கும். அப்போது செய்ய வேண்டியது குளிர்ச்சி கொடுப்பது. நமது பீலித் தண்ணி ஐஸ் தண்ணிக்குக் குறைந்ததல்லவே! துணியை நனைத்து 15, 20 நிமிடம் போட்டு எடுங்கள். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். அதிகம் இறுக்காமல் துணிக்கட்டுப் போடுங்கள்.

வீக்கம் வற்றத் தொடங்கிய பிறகுதான் மெல்ல நீவுவதற்கும் இளஞ்சூட்டு ஒத்தடத்துக்கும் நேரம். கிழிந்த இணையம் பலப்பட ஆறு கிழமைக்கு மேலும் எடுக்கும். "மூணு நாள்ல ஆத்திக் காட்டுறேன்" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். வலி போவது வேறு, ஆறுவது வேறு.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்களின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடு அதிகம் என்று அவர்களால் சொல்ல முடியாது. ஒத்தடம் கொடுப்பவர் தன் கையில் வைத்துப் பார்க்காமல் கொடுத்துக் கொப்புளமாகி, அது புண்ணாகி, கடைசியில் விரலை எடுக்க வேண்டி வரலாம்.

பிள்ளை பெற்ற தாயின் கால்

கால்களின் நாளங்களில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. இரத்தம் மேலே மட்டுமே போகும், கீழே திரும்பாது. ஆகவே கை காலை நீவும்போது பாதத்திலிருந்து தொடையை நோக்கி, விரலிலிருந்து தோளை நோக்கி நீவுவதே முறை.

பிரசவத்துக்குப் பின் ஆறு கிழமை வரைக்கும் தாயின் இரத்தம் வழக்கத்தை விட எளிதில் உறையும். இயற்கை அப்படி அமைத்திருப்பது பிரசவத்தில் இரத்தம் அதிகம் போகாமலிருக்க. ஆனால் அதே காரணத்தால் காலின் ஆழமான நாளத்தில் இரத்தக்கட்டி உண்டாகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை கனத்து, சூடாக, வலியோடு இருக்கும். இதை 'வாதநீர்' என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவினால், அந்தக் கட்டி கழன்று இரத்தத்தோடு ஓடி, நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். மூச்சு வாங்கி, சில நிமிடங்களில் உயிர் போகவும் கூடும்.

ஆகவே பாட்டிமார்களே, மருத்துவிச்சி அம்மாக்களே, பிள்ளை பெற்றவளின் காலில் கை வைக்குமுன் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கமாகப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கியிருந்தால் தொடாதீர்கள். ஆஸ்பத்திரி நாள், ஒப்பரேஷன் செய்து படுக்கையில் கிடந்தவர், காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தவர், இவர்களுக்கும் இதே சட்டம்தான்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது, "பிள்ளை குறுக்கே கெடக்கு, திருப்பி விடுறேன்" என்று வயிற்றை உருவுவதும் கூடாது. நச்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்து இரத்தம் போனால் தாயும் பிள்ளையும் இரண்டும் போய்விடும்.

வலி ஓரிடம், வேர் ஓரிடம்

கொழுந்து பறிக்கும் பெண்கள் "விரல் வலிக்குது, விரலை நீவி விடு" என்பார்கள். விரலை மடக்கும் பெரிய சதைகள் விரலில் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இருந்து, நீண்ட தசைநாண்களால் விரலை இழுக்கின்றன. உங்கள் முன்கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், உள்ளே சதை அசைவது தெரியும். ஆகவே நீவ வேண்டியது முன்கையை.

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு ஒடுங்கிய வழி உண்டு. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளால் போகின்றன. ஓயாமல் விரலை அசைத்து வேலை செய்யும்போது அங்கே வீங்கி, நரம்பு நசுங்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை இரவில் மரத்துப் போகும். கையை உதறினால் கொஞ்சம் தெளியும். இப்படியிருந்தால் மணிக்கட்டை அமுக்கி உருவக்கூடாது. ஏற்கனவே நசுங்கிய நரம்பை இன்னும் நசுக்குவதாகிவிடும். டிஸ்பென்சரியில் காட்டுங்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கப் பட்டி கொடுப்பார்கள்.

இடுப்பிலிருந்து குண்டி வழியாகக் கால் பெருவிரல் வரை மின்னல் மாதிரி இழுக்கும் வலியும் அப்படியே. உடம்பிலேயே தடித்த நரம்பு அது. சுண்டுவிரல் பருமன் இருக்கும். வலி தெரிவது ஆடுசதையில், நசுங்கியிருப்பது இடுப்பு முள்ளெலும்புக்குப் பக்கத்தில். ஆடுசதையை நாள் முழுக்க உருவினாலும் வேர் அப்படியே இருக்கும். இடுப்பில் மிதிக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஏற்றிவிடுவதும் ஆபத்து. இரண்டு காலும் பலம் குறைந்து, தொடை இடுக்கில் உணர்ச்சி போய், சிறுநீர் வராமல் நின்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் கால் திரும்பாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது நெஞ்சு. இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் தோள், இடது கையின் உட்புறம் ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகளும் முள்ளந்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் இதயத்தில் பிரச்சினை வரும்போது மூளைக்குக் குழப்பம். வலி கையிலும் தோளிலும் தாடையிலும் முதுகிலும் தெரியும். இதைத்தான் நாம் 'வாயுப் பிடிப்பு' என்கிறோம். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல் இருந்தால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள். 1990 சுவசெரிய அம்பியுலன்ஸுக்கு உடனே அழையுங்கள். அது இலவசம். பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் வலி பெரிதாக இல்லாமலும் மாரடைப்பு வரும்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலியும் அப்படித்தான். குடல்வாலில் அழற்சி இருக்கும்போது வயிற்றை உருவினால் அது வெடித்து, சீழ் வயிறு முழுதும் பரவும். வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலும் முதல் வேலை ஆஸ்பத்திரிதான். முதல் சில மணித்தியாலங்கள் தங்கம் போன்றவை. பிறகு வீட்டில் பயிற்சி கொடுக்கும்போதும், விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பதே சதைதான். சதை செயலிழந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு கழன்று கொள்ளும்.

கழுத்தைத் திருகாதீர்கள்

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று நெட்டி முறிப்பது நம் இளைஞர்களுக்கு ஒரு சுகம். மூளைக்கு இரத்தம் போவது நாலு நாடிகள் வழியாக. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பின்னால் போகும் இரண்டும் கழுத்தெலும்புகளில் இருக்கும் ஓட்டைகளுக்கு உள்ளால் நுழைந்து போகின்றன. திடீரென்று திருகும்போது நாடியின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் நடந்தால் திரும்பப் பெற முடியாது. ஒரு சடக்குச் சத்தத்துக்காக அவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா?

கூடைக் கயிற்றினால் வரும் கழுத்து வலிக்கு வேறு வழியுண்டு. கழுத்தைப் பிடித்திருக்கும் பெரிய சதை மண்டையோட்டின் அடியில் தொடங்கி, இரு தோளுக்கும் விரிந்து, நடு முதுகு வரை இறங்குகிறது. கழுத்தை மட்டும் அமுக்காமல் தோளையும் முதுகின் மேற்பகுதியையும் நிதானமாக நீவி விட்டால் கழுத்து தானாக இளகும். கழுத்தின் முன்பக்கத்தில், துடிப்புத் தெரியும் இடத்தில் கை வைக்கவே வேண்டாம். அங்கே அழுத்தினால் இதயத் துடிப்புக் குறைந்து மயக்கம் வரும்.

பச்சைக் குழந்தை

குழந்தையின் உச்சியில் மெத்தென்று இருக்கும் இடத்தில் எலும்பு இன்னும் கூடவில்லை. முன் உச்சி மூட ஏறக்குறைய 12 முதல் 18 மாதம் ஆகும். அதற்குக் கீழே மூளை. தலையை உருண்டையாக்குகிறேன், மூக்கை எடுப்பாக்குகிறேன் என்று அழுத்தக் கூடாது. தலை தானாகவே உருண்டு வரும்.

பிறந்த பிள்ளையின் மார்பு வீங்கி, சில நேரம் பால் மாதிரி வருவது தாயின் சுரப்புநீர் பிள்ளைக்கு வந்ததால்தான். ஆண் பிள்ளைக்கும் வரும். தானாக வற்றிவிடும். பிதுக்கினால் கிருமி நுழைந்து சீழ்க்கட்டியாகும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகிவிடும். மற்றபடி சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, கை சூட்டில் எண்ணெய் தடவி, மெதுவாகப் பேசிக்கொண்டே பிள்ளையின் கை காலை நீவி விடுவது நல்லது. தாய்க்கும் பிள்ளைக்கும் சந்தோஷம்.

கை வைக்குமுன் கேட்க வேண்டியவை

1. எப்படி வந்தது? விழுந்தா, அடிபட்டா, தானாகவா?
2. எத்தனை நாள்? மூன்று நாளுக்குள் என்றால் குளிர்ச்சியும் ஓய்வும் மட்டும்.
3. எலும்பின்மேல் வலிக்கிறதா? ஊன்ற, தூக்க முடிகிறதா?
4. மரத்துப்போகிறதா, பலம் குறைகிறதா?
5. காய்ச்சல், வியர்வை, மூச்சு வாங்கல் உண்டா?
6. நீரிழிவு, பிரஷர், இதய வருத்தம், கர்ப்பம், அண்மையில் பிரசவம் அல்லது ஒப்பரேஷன் உண்டா? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா?

நீவும்போது வலி ஏறினால் நிறுத்திவிடுங்கள். "வலிச்சாத்தான் சரியாகும்" என்பது தவறு. வலி என்பது உடம்பு கதவைத் தட்டுவது.

"இது என் கையில் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்வதால் யாருடைய மரியாதையும் குறைந்துவிடாது. அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் மக்கள் நம்பி வருவார்கள்.

இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு

நமது பிள்ளைகள் பலர் கொழும்பிலும் சுற்றுலா ஹோட்டல்களிலும் மசாஜ் வேலைக்குப் போகிறார்கள். பயிற்சியில் சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். உடலமைப்புப் பாடம் உண்டா? என்.வி.கியூ. தரச் சான்றிதழ் கிடைக்குமா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் காசைக் கட்டாதீர்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் போகும்போதும், 1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்பது தவறல்ல.

உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி செய்பவர்கள் அவர்கள்தான். பாட்டியின் கைப்பக்குவமும் அந்தப் படிப்பும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் நமது தோட்டங்களுக்கு எவ்வளவு பெரிய பலம்!

வீட்டில் கேட்டுப் பார்க்க ஐந்து வினாக்கள்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டி, இவற்றைக் கேளுங்கள்.

1. நாளம், தசைநாண், நரம்பு, இவற்றில் வெளியே கண்ணுக்குத் தெரியாதது எது?
2. அடிபட்ட முதல் நாள் சுடுதண்ணி ஒத்தடமா, பீலித் தண்ணித் துணியா?
3. பிள்ளை பெற்ற தாயின் ஒரு கால் மட்டும் வீங்கினால் என்ன செய்ய வேண்டும்?
4. விரலை மடக்கும் பெரிய சதைகள் எங்கே இருக்கின்றன?
5. நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்?

விடை: 1. நரம்பு. 2. பீலித் தண்ணித் துணி. 3. நீவாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 4. முன்கையில். 5. 1990.

இந்தப் பக்கத்தை வெட்டி எண்ணெய்ப் போத்தல் வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டி வையுங்கள். உங்கள் லயத்தில் நீவி விடத் தெரிந்த பெரியவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.